ஒருத்தனுக்கு வந்தால் எல்லோருக்கும்

அந்தப் பாலர் பள்ளியில் யாருக்கும் தனியாக ஒன்றுக்கு வராது. ஒருத்தனுக்கு வந்தால் எல்லோருக்கும் வந்தாக வேண்டும். இதில் மருத்துவ அதிசயம் எதுவும் இல்லை. கட்டட அமைப்பு அப்படி.

பேருந்துப் பணிமனைக்குப் பின்புறச் சந்தில், முன்பு பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்த கிடங்கு அது. முன்பக்கம் ஓர் இரும்புக் கேட். கேட்டுக்கு வெளியே, கழுவி முடித்த பேருந்துகள் பின்னோக்கி வந்து திரும்பும் இடம். கழிப்பறை இருந்தது பின்கட்டில், நீண்ட நடையைத் தாண்டி. மூன்றிலிருந்து ஐந்து வயது வரை முப்பது பிள்ளைகள். நடுவில் ஒரே ஒரு டீச்சர். கழிப்பறையில் நின்றால் கேட் தெரியாது. கேட்டில் நின்றால் கழிப்பறை தெரியாது. எங்கும் நிறைந்திருப்பது கடவுளுக்குக் கட்டுப்படியாகும். மாதச் சம்பளக்காரருக்கு ஆகாது.

கேட்டைப் பூட்டலாமே என்று தோன்றும். பள்ளி நடக்கும் நேரத்தில் பூட்டுப் போடக்கூடாது என்பது விதி. தீப்பிடித்தால் பிள்ளைகள் வெளியே ஓட வேண்டுமாம். நியாயமான விதிதான். தீப்பிடிக்காத நாட்களிலும் பிள்ளைகள் வெளியே ஓடுவார்கள் என்பது மட்டும் விதி எழுதியவருக்குத் தோன்றவில்லை. அவர் வீட்டில் பிள்ளைகளை வேறு யாரோ பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆகவே டீச்சர் ஒரு ரயில் கண்டுபிடித்தார். துணி காயப்போடும் நைலான் கயிறு ஒன்றை வாங்கி, சாண் இடைவெளியில் முடிச்சுகள் போட்டார். பிள்ளைக்கு ஒரு முடிச்சு. முன்னால் நிற்பவன் பெயர் இன்ஜின். கடைசி முடிச்சைப் பிடித்திருந்தவள் கார்டு. சிரிக்காத முகமும் ஒழுகும் மூக்கும் கொண்ட நாலு வயதுப் பெண். யாராவது ஒருத்தர் சுண்டுவிரலைத் தூக்கினால் போதும், கயிறு எழும்பும், ரயில் முழுக்கப் பின்கட்டுக்குப் புறப்பட்டுவிடும். ஒருவர் காரியம் முடிக்கும் வரை மற்றவர்கள் சுவரோரம் நின்று பாடுவார்கள். உள்ளே இருப்பவனுக்குப் பாட்டைக் கேட்டு வந்ததும் நின்றுவிடும். அவன் திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி வரும். ரயில் மறுபடி புறப்படும்.

டீச்சரின் கணவர் அதே பணிமனையில் டயர் மாற்றுபவர். "எங்க டிப்போல ஒரு வண்டிக்கு ரெண்டு ஆளு, டிரைவர், கண்டக்டர்னு. உன் வண்டிக்கு மட்டும் ஏண்டி ஒரே ஆளு?" என்று கேட்பார். கேள்வி வேடிக்கையாகக் கேட்கப்பட்டது. உலகத்தில் பல நல்ல கேள்விகள் வேடிக்கையாகக் கேட்கப்பட்டே வீணாய்ப் போகின்றன.

அந்த வட்டாரத்தில் அவருக்கு நொட்டாங்கை டீச்சர் என்று பெயர். சின்ன வயதில், இடது கையால் எழுதுவது மரியாதை இல்லை என்று நம்பிய ஒரு வாத்தியார், அவருடைய இடது கையை ரிப்பனால் பெஞ்சோடு கட்டிவைத்து வலது கையில் பென்சிலைத் திணித்தார். இடது கைக்கு அடி, வலது கைக்கு அதைப் பார்த்த பயம். இடது கை ஒளிந்து ஒளிந்து எழுதக் கற்று, பின்னால் முத்து முத்தாக எழுதியது. வலது கையோ அந்தப் பெஞ்சிலேயே படிப்பை நிறுத்திக்கொண்டது. உடம்பெல்லாம் வளர்ந்து, கல்யாணமாகி, பெற்ற பெண்ணைக் காலேஜுக்கு அனுப்பிய பிறகும், பென்சில் பிடிக்கும் விஷயத்தில் அந்த வலது கைக்கு வயது ஐந்துதான். இது பின்னால் ஒரு பள்ளிக்கே வாழ்வு தந்தது.

பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் டீச்சர் வேலைக்குச் சேர்ந்தார். நாத்தனாருக்கு அது ஒரு வேலையாகவே படவில்லை. "பிள்ளைங்களோட விளையாடறதுக்கெல்லாம் சம்பளம் குடுக்கறாங்களா அண்ணி? எங்க வீட்ல நான் இதை இலவசமாவே பண்றேன்" என்றாள்.

"உங்க வீட்ல ரெண்டே பேரு. அதுல ஒன்னு உன் வீட்டுக்காரர்" என்றார் டீச்சர்.

பள்ளியின் தாளாளர் முன்பு கட்டில், பீரோ விற்றவர். மெத்தை வியாபாரம் படுத்துவிட்டபோது, பாலர் பள்ளி நடத்தினால் அரசு மானியம் தருகிறது என்று யாரோ சொல்ல, கிடங்கைப் பிடித்து வெள்ளையடித்தார். மனிதர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளைக் கண்டால் கன்னத்தைக் கிள்ளுவார். அதற்கு மேல் அவர்களால் தனக்கோ, தன்னால் அவர்களுக்கோ என்ன ஆக வேண்டும் என்று அவர் யோசித்ததில்லை. டீச்சர் சேர்ந்த நாளிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்: இன்னொரு ஆள். படித்தவராக இருக்க வேண்டாம், பாடத் தெரிய வேண்டாம், கேட்டருகே நின்றால் போதும்.

"தரம் வரட்டும் டீச்சர், ஆளும் வரும்" என்பது தாளாளரின் நிரந்தரப் பதில்.

தரம் என்பது இது. ஒவ்வொரு பாலர் பள்ளிக்கும் மதிப்பீட்டாளர் ஒருவர் வருவார். முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று முத்திரை குத்துவார். முதல் தரத்துக்கு முழு மானியம். தரம் இறங்க இறங்க மானியமும் இறங்கும். அதாவது, நன்றாக நடத்தினால் பணம் வரும். பணம் வந்தால் நன்றாக நடத்தலாம். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற பழைய கணக்கை யாரோ அரசாணையாகப் போட்டிருந்தார்கள். இவர்களுடைய பள்ளி நெடுங்காலமாக இரண்டாம் தரத்திலேயே உட்கார்ந்திருந்தது. சுவரில் பிள்ளைகள் தாமே வரைந்த படங்கள் இல்லை என்பது அதில் ஒரு பெரிய குறை.

படம் எப்படி இருக்கும்? காகிதமும் கலர் கிரேயான்களும் தாளாளரின் பீரோவுக்குள் இருந்தன. கொடுத்தால் தீர்ந்துவிடும். தீர்ந்துவிட்டால் மதிப்பீட்டாளர் வரும்போது காட்டுவதற்கு இருக்காது. பிள்ளைகள் செங்கல் துண்டால் முற்றத்துத் தரையில் வரைந்தார்கள். மாலையில் கழுவிவிடும்போது படங்கள் சாக்கடைக்குப் போயின.

"நீங்களே நாலு படம் போட்டு ஒட்டிடுங்க டீச்சர்" என்றார் தாளாளர்.

டீச்சர் இடது கையால் ஒரு வீடும் மரமும் வரைந்தார். தாளாளர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். படம் அழகாக இருந்தது, அதுதான் கோளாறு. நாலு வயதுப் பிள்ளை இப்படி வரைந்தால் அதைக் காட்சிக்கு வைத்து டிக்கெட் போட வேண்டியிருக்கும். டீச்சர் யோசித்து, கிரேயானை வலது கைக்கு மாற்றினார். கை நடுங்கியது. கோடு வளைந்தது. வீடு சாய்ந்தது. சூரியனுக்கு ஒரு பக்கம் மட்டும் முடி முளைத்தது. மனிதனுக்குத் தலையிலிருந்து நேராகக் கால்கள் இறங்கின.

தாளாளர் மலைத்துப் போனார். "அப்படியே குழந்தை போட்ட மாதிரி இருக்கே!"

அதன் பிறகு மதிய வேளைகளில், பிள்ளைகள் தூங்கும்போது, டீச்சர் கிரேயானும் காகிதமுமாக உட்கார்ந்து முப்பது பிள்ளைகளின் குழந்தைப் பருவத்தை ஒற்றை ஆளாக வரைந்தார். அவருக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெஞ்சோடு கட்டிப்போடப்பட்ட காலத்தில் வரைய முடியாமல் போனதையெல்லாம் அந்த வலது கை இப்போது வரைந்து தீர்த்தது. தவிர, இது பொய் என்று அவருக்கு உறுத்தவில்லை. தரம் வரும், தரம் வந்தால் ஆள் வரும், ஆள் வந்தால் பிள்ளைகள் கையிலேயே கிரேயானைக் கொடுத்துவிடலாம். ஆளில்லாமல் கொடுத்தால் யார் எதைத் தின்கிறார்கள் என்று யார் பார்ப்பது?

மதிப்பீட்டாளர் அம்மா வந்தார். தோளில் பை, காலில் தூசி, முகத்தில் அன்றைக்கே மூன்று பள்ளி ஏறி இறங்கி வந்த களைப்பு. நாற்காலியின் உயரம், ஜன்னலின் அகலம் எல்லாம் பார்த்தார். சுவர்ப் படங்களின் முன்னால் நின்று, "எவ்வளவு சுதந்திரமா வரைஞ்சிருக்காங்க" என்று உருகினார். பீரோவுக்குள் இருந்த கிரேயான்கள் மேசைமேல் வரிசையாக இருந்தன, ஒன்றுகூட உடையவில்லை. அதற்கும் மதிப்பெண் உண்டு.

அந்த நேரம் பார்த்து இன்ஜின் சுண்டுவிரலைத் தூக்கினான். கயிறு எழும்பியது. முப்பது பிள்ளைகளும் அவரவர் முடிச்சைப் பிடித்து, பாடிக்கொண்டு, ஒரு கூச்சலில்லாமல் ஒரு தள்ளுமுள்ளு இல்லாமல் பின்கட்டுக்குப் போய்த் திரும்பினார்கள். மதிப்பீட்டாளர் பேனாவை மூடிவிட்டுக் கைதட்டினார். இப்படி ஒரு ஒழுங்கை எங்கேயும் பார்த்ததில்லை என்றார். டீச்சருக்கு உச்சி குளிர்ந்தது. ஆளில்லாக் கொடுமைக்குப் போட்ட ஒட்டு அது. அந்த ஒட்டுக்குத்தான் மற்ற எதையும்விட அதிக மதிப்பெண் விழுந்தது. ஒட்டு இவ்வளவு அழகாகப் போட்டிருக்கக்கூடாது என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

முதல் தரம் வந்தது. மானியம் வந்தது. வாசலில் பெரிய பெயர்ப்பலகை வந்தது. தாளாளரின் அறைக்குச் சுழல் நாற்காலி வந்தது. இயற்கையை உற்றுநோக்கும் மூலை என்று ஒன்று இருந்தால் தரம் நிலைக்கும் என்று கேள்விப்பட்டு, தாளாளர் ஒரு மீன்தொட்டி வாங்கிப் போட்டார். தங்க நிற மீன்கள் ஏழெட்டு. தொட்டியைக் கழுவவும் தீனி போடவும் வாரம் ஒருமுறை ஒருவர் வந்தார். ஆள் வரும் என்று சொன்னது பொய்யில்லை, வந்தது மீனுக்கு.

டீச்சர் தாளாளரிடம் போய் நின்றார். தாளாளருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தாராம். உதவி ஆள் தரும் திட்டம் இருக்கிறதாம். ஆனால் அது மூன்றாம் தரப் பள்ளிகளுக்கு மட்டுமாம். "நாமதான் முதல் தரமாச்சே டீச்சர். ஒரே ஆளை வெச்சே இவ்வளவு அழகா நடத்தறீங்கன்னு அவங்களே எழுதியிருக்காங்க. இனிமே எப்படிக் கேக்கறது?"

டீச்சர் வகுப்புக்குத் திரும்பினார். சுவரெல்லாம் அவருடைய சூரியன்கள் ஒரு பக்கத்து முடியோடு பல்லிளித்தன.

சில வாரங்கள் கழித்து ஒரு முற்பகல். தொட்டியில் ஒரு மீன் செத்து மிதந்தது. தொட்டி கழுவ வந்தவர் அதை ஒரு பாலிதீன் பையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினார். கேட்டின் தாழ்ப்பாளைப் போட மறந்துவிட்டார். அதே நேரம் ரயில் பின்கட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. செத்த மீனை எங்கே கொண்டுபோகிறார்கள் என்பது கார்டுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. கடைசி முடிச்சை விட்டால் யாருக்குத் தெரியும்? கார்டுக்குப் பின்னால் கார்டு கிடையாது.

டீச்சர் பின்கட்டில் ஒரு பையனுக்குக் கால்சட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது, வெளியே யாரோ பேருந்தின் தகரத்தில் படபடவென்று அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு பிரேக். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லைதான் அவரை ஓடவைத்தது.

கேட்டில் ஒரு கண்டக்டர் கார்டைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் கேலியாகத்தான் பேசினார். "ரயில் போயிடுச்சு, கார்டு மட்டும் ஸ்டேஷன்ல நிக்குதே டீச்சர். பின் சக்கரத்துக்கும் இதுக்கும் இவ்வளவுதான் இருந்தது" என்று கையை விரித்துக் காட்டினார். கார்டு அழவில்லை. மீனை அந்த ஆள் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டதாக டீச்சரிடம் புகார் சொன்னாள்.

விஷயத்தைக் கேட்ட தாளாளர் பதறித்தான் போனார். "ஒன்னும் ஆகலையே?"

"ஒன்னும் ஆகலை."

"அப்பாடா. அப்புறம் என்ன?"

அந்த 'அப்புறம் என்ன' டீச்சரோடு வீட்டுக்கு வந்தது, அடுப்படியில் நின்றது, சாப்பிட உட்கார்ந்தபோது எதிரில் உட்கார்ந்தது. ஆகியிருந்தால் ஆள் வந்திருக்கும். கமிட்டி வந்திருக்கும், கேமரா வந்திருக்கும், கேட்டுக்கு இரண்டு காவலாளிகள்கூட வந்திருப்பார்கள். ஒரு பிள்ளை சக்கரத்துக்குள் போனால் திறக்கும் கஜானா, போகாமல் இருப்பதற்காகத் திறக்காது. ஏன் இப்படி உம்மென்று இருக்கிறாய் என்று கணவர் கேட்டதற்கு, "நாளைக்கு தரத்தைத் திருப்பிக் குடுத்துடப் போறேன்" என்றார். வாங்கின ரிப்பன் சரியில்லை என்று கடையில் திருப்பித் தரப் போகிறவர் மாதிரி சொன்னார். கணவர், மூன்றாவது தெருவில்தானே மதிப்பீட்டாளர் அலுவலகம், போகும்போது பிள்ளைகளை யாரிடம் விடுவாய் என்று கேட்டார். கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவருக்கே புரிந்தது.

மறுநாள் காலை ரயில் முதன்முறையாகக் கேட்டைத் தாண்டியது. டீச்சர் கார்டின் கையைத் தன் கையோடு பிடித்துக்கொண்டு கடைசியில் நடந்தார். பணிமனைக்காரர்கள் பேருந்துகளை நிறுத்தி வழிவிட்டார்கள். நேற்றைய கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். தெருவில் போனவர்கள் நின்று ரசித்தார்கள். என்ன ஒழுங்கு என்றார்கள். டீச்சருக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

அலுவலகத்தில் மதிப்பீட்டாளர் அம்மா மேசையில் தலை தெரியாத அளவுக்குக் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தார். கதவு வழியாகப் பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பதைப் பார்த்து எழுந்துவிட்டார்.

"என்னம்மா இது, எல்லாரையும் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

"விட்டுட்டு வர ஆள் இல்லைங்க மேடம்."

பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்துவிட்டு டீச்சர் விஷயத்தைச் சொன்னார். சுவரில் இருந்த படங்கள் முழுக்கத் தான் வரைந்தவை என்றார். மதிப்பீட்டாளர் நம்பவில்லை, நாற்பது வயதுக் கையிலிருந்து அந்தக் கோடு வராது என்று உளவியல் காரணங்களோடு மறுத்தார். டீச்சர் மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, ஒரு பழைய சுற்றறிக்கையின் பின்பக்கத்தில், வலது கையால், ஒரு பக்கம் முடி முளைத்த சூரியனை வரைந்தார். இன்ஜின் எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கும் பென்சிலு" என்றான். ஒருத்தனுக்கு வந்தால் எல்லோருக்கும் வர வேண்டும் அல்லவா? எழுத்தர்கள் பேனாக்களையும் பழைய சுற்றறிக்கைகளையும் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் வரைந்தார்கள். ஒன்றிலும் வீடு இல்லை, சூரியன் இல்லை. காகிதம் கிழியும் வரை சுற்றிச் சுற்றிக் கிறுக்கிய கறுப்பு வட்டங்கள். கார்டின் காகிதத்தில் மட்டும் ஒரு பெரிய வட்டம், அதனடியில் ஒரு சின்னப் புள்ளி. அது என்ன என்று மதிப்பீட்டாளர் கேட்டார்.

"பஸ்ஸு" என்றாள். புள்ளி என்ன என்று அவர் கேட்கவில்லை. டீச்சர் சொன்னார்.

மதிப்பீட்டாளர் அம்மா அந்தக் காகிதத்தை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு அவருக்கும் கோபம் வந்தது. "நான் ஒருத்திதாம்மா இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் அத்தனைக்கும். ஒரு இடத்துல அரை மணி நேரம் நின்னா பெரிசு. அரை மணி நேரத்துல சுவத்துல இருக்கறதைத்தான் பாக்க முடியும், வேற என்னத்தைப் பாக்கறது?"

"அப்ப உங்களுக்கும் ஒரு ஆள் வேணும்" என்றார் டீச்சர். கேலியாகச் சொல்லவில்லை.

தரத்தைத் திருப்பி வாங்க வழி கிடையாது என்றார் மதிப்பீட்டாளர். கொடுப்பதற்கும் குறைப்பதற்கும் விதி இருக்கிறது. வேண்டாம் என்று வந்து நிற்பவர் இதுவரை இல்லாததால் அதற்கு விதி இல்லை. வேண்டுமானால், இங்கே நேரில் பார்த்ததை எழுதி மேலே அனுப்பலாம். அனுப்பினால் மூன்றாம் தரம் ஆகலாம், ஆளும் வரலாம். மானியம் கண்டிப்பாகக் குறையும்.

"உங்க வேலையும் போயிடும்மா. பொய்ப் படம் போட்டது நீங்கதானே."

"போனா அந்த இடத்துக்கு ஆள் போட்டுத்தானே ஆகணும்? போடும்போது ரெண்டு பேரா போடச் சொல்லி எழுதுங்க மேடம்."

மதிப்பீட்டாளர் பேனாவைத் திறந்தார். முதல் வரி எழுதியிருப்பார், கார்டு சுண்டுவிரலைத் தூக்கினாள். உடனே இன்ஜின் எழுந்தான், கயிறு எழும்பியது, முப்பது பிள்ளைகளும் முடிச்சைத் தேடினார்கள்.

"உக்காருங்க எல்லாரும்" என்றார் டீச்சர். "அவ மட்டும் வருவா." பிறகு மதிப்பீட்டாளரைப் பார்த்தார். "கொஞ்சம் கதவுகிட்ட நில்லுங்க மேடம். வேற ஒன்னும் செய்ய வேண்டாம். நின்னா போதும்."

மதிப்பீட்டாளர் அம்மா கோப்பை வைத்துவிட்டு வந்து, கதவை மறித்து, இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

கழிப்பறை அலுவலக நடையின் கோடியில் இருந்தது. கார்டு உட்கார்ந்தாள். வழக்கமான பாட்டு கேட்காததால் அவளுக்குக் குழப்பமாக இருந்தது. "மத்தவங்க?" என்றாள்.

"அவங்களுக்கு வரலை."

இது அவளுக்குப் புதுச் செய்தி. யோசித்தாள். பிறகு, அந்த மீனுக்கு ஒரு தம்பி இருந்தது, அது இன்னும் தொட்டியில்தான் இருக்கிறது, அதற்கு யார் சொல்வது என்று ஆரம்பித்து, நீளமாக ஒரு கதை சொன்னாள். இவ்வளவு பேசுவாளா இவள் என்று டீச்சர் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தூரத்தில் மதிப்பீட்டாளர் அம்மாவின் குரல் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது: டேய், கீழ வா, அதைத் தொடாதே, யாரும் வெளிய போகக்கூடாது, டீச்சர் இப்ப வந்துடுவாங்க.

"முடிஞ்சிடுச்சா?" என்றார் டீச்சர்.

"இல்ல."

"சரி, மெதுவா வா."